பத்தரைக்குள் நாலு முழம்

வணிகர் சங்கத் தலைவர் தீனதயாளன் கடைத்தெருவில் மூன்று மாடிக்கு ஒரு கடை கட்டினார். வெள்ளிக்கிழமை திறப்பு விழா. கூட்டமெல்லாம் தன்னிடமே வரட்டும் என்று, "என் கடை திறக்குற வரைக்கும் தெருவுல ஒருத்தரும் ஷட்டரைத் தூக்கக்கூடாது. மீறினா சங்கத்துல இடமில்ல" என்று சொல்லிவிட்டார்.

பூக்கடைப் பவளக்கொடிக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமைக்கென்று வாங்கிய மல்லிகையெல்லாம் பூட்டிய கடைக்குள் வாடிக்கொண்டிருந்தது.

பத்து மணிக்குத் தலைவரே பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி ஓடி வந்தார். மூன்று மாடியிலும் இருந்தது பிளாஸ்டிக் பூதான். ஐயரோ அதைத் தொடவே மாட்டேன் என்கிறார். பத்தரைக்கு ராகுகாலம்.

"பவளம், சாமிக்கு நாலு முழம் எடும்மா, சீக்கிரம்."

"உங்க கடை திறந்ததும் மொத வேலை அதான் தலைவரே."

"பூ இல்லாம நான் எப்படித் திறக்குறது?"

"கடை திறக்காம நான் எப்படிப் பூ குடுக்குறது?"

"நான்தான் சொல்றேனே, திற."

"நீங்க சொன்னது எனக்குத் தெரியும். தெருவுக்குத் தெரியணுமே? இந்தாங்க சாவி."

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். குனிந்து பூட்டைத் திறந்து, ஷட்டரைத் தன் கையாலேயே தூக்கினார். அந்தச் சத்தம் கேட்டதுதான் தாமதம், தலைவரே திறந்துவிட்டார் என்று தெரு முழுக்க ஷட்டர்கள் தடதடவென்று ஏறின. அவர் பூவோடு போய்ச் சேர்வதற்குள், அவர் வாசலில் நின்ற கூட்டத்தில் பாதி பவளக்கொடியிடம் மல்லிகை கேட்டு நின்றது.