மிளகாய்த் தம்ளரும் ஒற்றை இருக்கையும்

தீர்ப்புச் சொல்ல ஆசையுள்ளவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். வழக்கு சின்னது, ஓர் இருக்கை யாருக்கு என்பதுதான். ஆனால் நான் கேட்ட வழக்குகளில் என்னை வாய்பிளக்க வைத்தது இது ஒன்றுதான்.

கனடாவின் வினிபெக் நகரில் மங்களேஸ்வரியின் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. கொத்துரொட்டிக்கு வந்த யாழ்ப்பாணத்து ஆட்கள் அங்கே கனடியக் கால்பந்துக்கு அடிமையாகிப் போனார்கள். பெயர்தான் கால்பந்து, முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஒருவரையொருவர் முட்டித் தள்ளுகிற ஆட்டம். கிழமைதோறும், வாரம் தவறாமல், யார் வெல்வார்கள் என்று முன்கூட்டிச் சொல்வதில் இவர்களுக்குள் போட்டி. சொல்வது வாயால் அல்ல, மிளகாயால். ஆளுக்கொரு தம்ளர். சொந்த மைதானத்தில் ஆடும் அணி வெல்லும் என்றால் பச்சை மிளகாய். வெளியூரிலிருந்து வந்து ஆடும் அணி என்றால் செத்தல் மிளகாய், அதாவது காய்ந்தது. பயணத்தில் காய்ந்து வந்தவர்கள் என்பது மங்களேஸ்வரியின் விளக்கம். வர முடியாதவர் ஆள் விட்டும் போடலாம். ஆட்டம் தொடங்கிவிட்டால் தம்ளருக்குள் யாரும் கைவைக்கக் கூடாது.

பருவத் தொடக்கத்தில் ஒருநாள் லொறி ஓட்டும் நகுலேஸ்வரன் தன் மகளை அனுப்பினார். அவள் அவசரத்தில் மிளகாயை மாற்றிப் போட்டுவிட்டாள். அவர் மனதில் இருந்த அணி வென்றது, தம்ளரில் இருந்த அணி தோற்றது.

"அக்கா, நான் நினைச்சது சரிதானே?" என்று கேட்டுப் பார்த்தார்.

"தம்ளர் சொல்லுறதுதான் தம்பி கணக்கு," என்றாள் மங்களேஸ்வரி. அவரும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார்.

இனி திருச்செல்வம். சிறுநீரகம் பழுதானவர். கிழமையில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கப் படுத்திருப்பார். மெஷின் ஓடுகிற நேரமெல்லாம் அவர் கண் ஆட்டத்தில்தான். எவனுக்கு முழங்கால் நோகிறது, எந்த அணி களைத்திருக்கிறது, எந்த ஊரில் காற்று எப்படி வீசும், எல்லாம் அவருக்குள் எங்கோ சேர்ந்து ஒரு மிளகாயாக வெளியே வரும். அது தம்ளரில் விழும்போது கடையே பேச்சை நிறுத்திப் பார்க்கும். அத்தனை சரியாகச் சொல்கிற மனிதர் ஒரு தடவைகூட அரங்கத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்ததில்லை. ஆட்ட நாள் எல்லாம் சிகிச்சை நாளாக இருக்கும், இல்லாவிட்டால் எழும்ப முடியாத நாளாக இருக்கும்.

அந்த வருடம் இறுதி ஆட்டம் வினிபெக்கிலேயே, ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு அவருக்குச் சிகிச்சை இல்லை. அந்த ஆட்டத்துக்கென்று கடைக்கு வரும் ஒருவர் அன்பளிப்பாகத் தந்த ஒற்றை நுழைவுச்சீட்டுத்தான் போட்டியின் பரிசு. கடைசிக் கணிப்புக்கு முன் திருச்செல்வமும் நகுலேஸ்வரனும் முதலிடத்தில் சமமாக நின்றார்கள்.

இறுதி ஆட்டத்துக்கு முந்திய அந்தக் கடைசிக் கணிப்பு ஆட்டத்தில் வினிபெக் அணி மேற்கே ஒரு மலையடி நகரத்துக்குப் போய் ஆடியது. நகுலேஸ்வரன் செத்தல் மிளகாயைத் தன் கையாலேயே போட்டார். திருச்செல்வத்துக்கு அன்று சிகிச்சை நீண்டுவிட்டது. மனைவியின் தம்பி கேதீஸைத் தொலைபேசியில் பிடித்தார்.

"எங்கடை அணிதான் வெல்லும். ஓடிப்போய்ப் போட்டுவிடு."

கேதீஸ் கடைக்கு எப்போதாவது எட்டிப் பார்த்தவன். பார்த்த நாளெல்லாம் ஊர் அணி சொந்த மைதானத்தில் ஆடியது. ஆகவே பச்சை என்றால் நம்மவர்கள் என்றே நம்பியிருந்தான். பச்சையைப் போட்டுவிட்டுப் போனான்.

ஆட்டம் சமநிலையில் கடைசி நொடிகளுக்கு வந்தது. மலையடி அணி வீரன் கம்பங்களுக்கிடையே போகட்டும் என்று பந்தை உதைத்தான். தவறியது! கடையே துள்ளிக் குதித்தது. ஆனால் அப்போதைய விதிப்படி, குறி தவறிய பந்தும் பின்கோட்டைத் தாண்டிப் போனால் ஒரு புள்ளி உண்டு. பந்து தாண்டிப் போயிருந்தது. தவறிய உதையாலேயே வென்றுவிட்டார்கள்.

எல்லாத் தம்ளரிலும் செத்தல். திருச்செல்வத்தின் தம்ளரில் மட்டும் பச்சை.

"இந்த மனிசன் என்ன தெய்வமோ?" என்றாள் மங்களேஸ்வரி. உடனே அவரைத் தொலைபேசியில் அழைத்தாள். "அண்ணை, நீங்கள்தான் வெண்டிட்டியள்!"

"நானோ? நான் எங்கடை ஆக்களையெல்லோ சொன்னனான்."

யாருக்கும் தெரிந்திருக்காது. சும்மா இருந்திருந்தால் இருக்கை அவருடையது. எத்தனை வருட ஆசை அது! நினைக்க நினைக்க எனக்கு இப்போதும் மெய் சிலிர்க்கிறது.

மறுநாள் மூவரும் கடையில் கூடினார்கள்.

"நான் சொன்னது பிழைச்சுப் போச்சு. பிழையாலை வந்த வெற்றி எனக்கு வேண்டாம், நகுலேசுக்குக் குடுங்கோ," என்றார் திருச்செல்வம்.

"அண்ணையும் பிழை, நானும் பிழை. ரெண்டு பேரும் சமன். சீட்டுக் குலுக்குங்கோ அக்கா," என்றார் நகுலேஸ்வரன்.

"அத்தான் என்னை நம்பித்தானே விட்டவர்? என்ரை கை போட்டது அவர் போட்டதுதான். அவர்தான் போகவேணும்," என்றான் கேதீஸ்.

கேட்டவர்களே, இப்போது சொல்லுங்கள். இந்த மூவரில் யார் சொன்னது சரி?

விடை: கேதீஸ் சொன்னதே சரி. ஆள் விட்டுப் போட்ட மிளகாய் தவறினால் நட்டம் அனுப்பியவருக்கு என்று இந்தக் கடை முன்பே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நட்டம் அவருடையது என்றால் இலாபமும் அவருடையதுதான். இதைக் கண்டுபிடித்தது மங்களேஸ்வரி அல்ல. குலுக்கல் சீட்டை மடித்துக்கொண்டிருந்த நகுலேஸ்வரன் சட்டென்று நிறுத்தி, "என்ரை பிள்ளை மாத்திப் போட்டதுக்கு நான் இழந்தனான் அண்ணை. அப்ப இது உங்களுக்குத்தான்," என்று இரண்டு துண்டையும் கிழித்துப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை திருச்செல்வத்தை இரண்டு கம்பளி போர்த்தி அரங்க வாசலில் இறக்கிவிட்டவரும் அவர்தான். ஆட்டம் முடியும்வரை வெளியே வண்டிக்குள் வானொலி கேட்டுக்கொண்டு காத்திருந்தார்.