ஜலதோஷ மகாகாவியம் அரங்கேறிய கதை

கோவளை நாட்டை ஆண்ட கடம்பராயர் நல்ல ராஜா. வரி குறைவு. வாய்க்கால் நிறையத் தண்ணீர். யாருக்கும் ஒரு குறையும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் ராஜாவுக்கு ஜலதோஷம் பிடித்தது.

ஜலதோஷம் வந்தால் நீங்களும் நானும் கஷாயம் குடிப்போம். அவர் காவியம் எழுதினார். ஜலதோஷத்தைத் தாம் வென்ற வரலாறு, நாலாயிரம் பாட்டு! காவியம் என்றால் முறைப்படி நாட்டு வளம் பாட வேண்டுமே? அதற்கு ஐந்நூறு. நகரத்துக்கு ஐந்நூறு. மூக்கின் அழகுக்கு மட்டும் ஆயிரம். முதல் தும்மலைக் கேட்க வேண்டுமென்றால் பாதிக் காவியத்தைத் தாண்டியாக வேண்டும்.

அரங்கேற்றத்துக்கு முன்னால் ஓர் ஒத்திகை வைத்தார். அந்த நாட்டில் சபை கூடினால் முதலில் விருந்து, பிறகுதான் வாசிப்பு. புலவர்கள் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். நாட்டு வளத்தில் ஆறு பாயத் தொடங்கியதுமே முன்வரிசை சாய்ந்தது. நெல் விளைவதற்குள் சபை முழுக்கக் குறட்டை.

விழித்திருந்தவர் ஒரே ஒருவர், ஆஸ்தான விகடர் மாறநாதர். அவரும் தொடையைக் கிள்ளிக் கிள்ளித்தான் சமாளித்தார்.

"ஏன் ஓய் எல்லோரும் தூங்கிவிட்டார்கள்?" என்று ராஜா உறுமினார்.

"பாட்டு கொஞ்சம் நீளம், மன்னா. அங்கங்கே வெட்டினால்..."

சரியாக அந்த நேரம் பார்த்து விழித்துக்கொண்டார் சிங்கணப் புலவர். காவியத்துக்குச் சிறப்புப்பாயிரம் பாடிக் கொடுத்தவர் இவர்தான். நூலைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஜலதோஷக் காவியத்தில் யானைப்போர் வர்ணனை அபாரம் என்று புகழ்ந்து தள்ளியிருந்தார். மாறநாதரின் பதவி மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண்.

"வெட்டுவதா! அபசாரம்! பெற்ற பிள்ளையின் காதை அறுக்கச் சொல்கிறாரே! பாட்டில் குற்றமே இல்லை, மன்னா. சபையை விழிக்க வைக்கத் துப்பில்லாத விகடர் மேல்தான் குற்றம்!"

ராஜாவுக்கு இது தேனாக இனித்தது. "மாறநாதரே, பௌர்ணமியன்று அரங்கேற்றம். பக்கத்து நாட்டு ராஜாக்களெல்லாம் வருகிறார்கள். என் பாட்டில் ஓர் எழுத்தைக்கூட நீர் தொடக் கூடாது. ஆனால் சபையில் ஒருவர் கண்ணயர்ந்தாலும், அன்றே நீர் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும்!"

மாறநாதருக்கோ அது பிறந்து வளர்ந்த ஊர். வேறெங்கே போவார்? வீட்டுக்குப் போய் யோசித்தார். சாப்பிடாமல் யோசித்தார். பசியில் தூக்கமும் வரவில்லை. விடிந்ததும் சிரித்துக்கொண்டே அரண்மனைக்கு ஓடினார்.

"மன்னா, காவியத்தை நான் தொடவே மாட்டேன். விருந்தை மட்டும் என் பொறுப்பில் விடுங்கள். கடைசிப் பாட்டு முடிந்த பிறகுதான் இலை போட வேண்டும். அதுவரை நூலாசிரியர் பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படக் கூடாது. உங்கள் பாட்டனார் கடைப்பிடித்த வழக்கம் இது."

"பாட்டனார் வழக்கமா? அப்படியே நடக்கட்டும்!"

பௌர்ணமியும் வந்தது. மாறநாதர் அடுப்புகளைச் சபைக்குப் பின்புறமே, காற்று வரும் பக்கமாக மூட்டச் சொல்லிவிட்டார். நெய்யில் மிளகு பொரிந்தது. வடை எண்ணெயில் குதித்தது. பாயசத்தில் ஏலம் விழுந்தது. சபையில் எவன் தூங்குவான்?

சிங்கணப் புலவர் மட்டும் எப்படியாவது தூங்கிக் காட்டி மாறநாதரைத் துரத்திவிட வேண்டுமென்று கண்ணை இறுக மூடிக்கொண்டார். வயிறு விடவில்லை. அது போட்ட சத்தத்தில் பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

ராஜா கம்பீரமாக ஆரம்பித்தார். நாட்டு வளத்தில் பத்துப் பாட்டு போயிருக்கும். வடை வாசனை மூக்கைத் தொட்டது. ராஜா சுவடியைப் புரட்டிப் பார்த்தார். இன்னும் கட்டுக் கட்டாக இருந்தது.

"நாட்டைத்தான் வரும் வழியெல்லாம் பார்த்திருப்பீர்களே? இதை விட்டுவிடுவோம்" என்றார்.

அடுத்தது நகரம். "நகரத்துக்குள்தானே உட்கார்ந்திருக்கிறோம்! இதுவும் வேண்டாம்."

மூக்கு வர்ணனை வந்தது. ராஜா ஒரு பெருமூச்சு விட்டார். பாயசத்தின் வாசனை உள்ளே போனது. "மூக்கு எல்லோருக்கும் இருக்கிறது" என்று ஆயிரம் பாட்டையும் ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டார்.

நேரே தும்மல்! ராஜா பசி வேகத்தில் நடுநடுவே ஏடுகளைக் கட்டுக் கட்டாகத் தள்ளிக்கொண்டே படித்தார். கஷாயத்துக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் ஒளிந்த இடத்தில் சபை குலுங்கிச் சிரித்தது. வைத்தியர் காலைப் பிடித்து இழுத்த இடத்தில் பக்கத்து நாட்டு ராஜாவுக்குப் புரையேறியது. சிரிப்பு அடங்குவதற்குள் மங்களப் பாட்டும் முடிந்தது. சபை எழுந்து ஆரவாரம் செய்தது.

பந்தியில் எல்லார் வாயிலும் வடையோடு அந்தப் பாட்டுத்தான். சாயங்காலம் கடைத்தெருவில் கத்தரிக்காய் விற்பவள் தும்மல் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். பறை அறையாமலே நூல் ஊரெல்லாம் பரவிவிட்டது.

வயிறு நிறைந்த பிறகுதான் ராஜாவுக்குச் சந்தேகம் வந்தது.

"மாறநாதரே, நாலாயிரம் பாட்டு நாற்பதாகச் சுருங்கியிருக்கிறதே! யார் வேலை?"

"என் கை படவில்லை, மன்னா. எல்லாம் தங்கள் திருக்கையால் நடந்தது."

"அது போகட்டும். என் பாட்டனார் நூல் எழுதியதாக நான் கேள்விப்பட்டதே இல்லையே?"

"எழுதினார், மன்னா. விரதம் இருந்து எழுதினார். ஒரே ஒரு வெண்பா."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி மாறநாதர் கழுத்தில் போட்டார். "நீர் இந்த ஊரை விட்டு எங்கும் போக வேண்டாம். எனக்குப் பக்கத்திலேயே இரும். நாளைக்கே அடுத்த காவியத்தைத் தொடங்குகிறேன். என் பல்வலியைப் பற்றிப் பத்தாயிரம் பாட்டு! விரதத்தை அரங்கேற்றத்தன்று வைத்துக்கொள்ளலாம், சரிதானே?"

மாறநாதர் பணிவாகக் கைகூப்பினார்.

"அரங்கேற்றம் வரை எதற்குக் காத்திருக்க வேண்டும், மன்னா? எழுத்தாணியை எடுக்கும்போதே தொடங்கிவிடுவோம்."