ஒரு பகலில் ஏழு கோயில்

மெய்யப்பன் சார் போட்ட திட்டத்தை முதல்ல படிச்சவன் நான். பேரு தேசிங்கு, டூரிஸ்ட் பஸ் டிரைவர். படிச்சதும் வாய்விட்டுச் சிரிச்சிட்டேன். பெரிய மனுஷர் முன்னாடி அப்படிச் சிரிச்சிருக்கக் கூடாது, தப்புதான்.

விஷயம் இதுதான். சென்னைத் துறைமுகத்துக்கு உல்லாசக் கப்பல் விடியக்காலையில வரும், சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கிளம்பிடும். நடுவுல பயணிகளைக் காஞ்சிபுரம் கூட்டிட்டுப் போய், கோயிலைக் காட்டி, நாலு மணிக்குள்ள திரும்பக் கொண்டாந்து சேர்த்துடணும். போகவே ரெண்டரை மணி நேரம் ஆகும். பன்னெண்டு மணிக்கெல்லாம் அங்க நடை சாத்திடுவாங்க. கையில மிஞ்சறது ரெண்டு மணி நேரமும் கொஞ்சமும். அதுக்குள்ள சார் ஏழு கோயிலும் ஒரு தறிக்கூடமும் எழுதி வச்சிருந்தார்.

அவரைச் சொல்லியும் குத்தமில்லை. காலேஜ்ல முப்பது வருஷம் சரித்திரம் நடத்தினவர். ரிட்டயர் ஆனப்புறம் அறுபத்திரெண்டு வயசுல கைடு வேலைக்கு வந்தார். போன மாசம் முதல் தடவையா ஒரு பஸ்ஸைக் கூட்டிட்டுப் போனார். இறங்கறப்ப பயணிங்க எழுதிக் குடுத்த தாள்ல ஒருத்தர், "மகா அறிவாளி. ஆனால் எங்களை மூச்சு விட விடவில்லை" அப்படின்னு எழுதிட்டார். கம்பெனியில கூப்பிட்டு, இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்கறோம், சரியா வரலைன்னா வேற ஆளைப் போட்டுக்கறோம்னு சொல்லிட்டாங்க. மனுஷர் நொறுங்கிப் போயிட்டார்.

"வீட்ல சும்மா உக்காந்தா நான் செத்துடுவேன் தேசிங்கு" என்றார் என்கிட்ட. விளையாட்டுக்குச் சொல்லலை.

ஜெசிந்தா மேடம்கிட்ட போய்க் கத்துக்கச் சொல்லி அவரை அனுப்பினாங்க. மேடத்துக்கு நாப்பது வயசு இருக்கும். பாண்டிச்சேரிக்காரங்க, பிரெஞ்சு பேசற கைடு, பதினெட்டு வருஷமா இதே பொழப்பு. குரு சிஷ்யரை சார்னு கூப்பிட, சிஷ்யர் குருவுக்கு எழுந்து நிப்பார். பார்க்க வேடிக்கையா இருக்கும்.

"மேடம், எதை விடறதுன்னு நீங்களே சொல்லுங்க. எதை அடிக்கப் போனாலும் கை வர மாட்டேங்குது."

மேடம் தாளை ஒரு தடவை பார்த்தாங்க. மடிச்சுப் பையில வச்சுக்கிட்டாங்க.

"கப்பல் வர இன்னும் மூணு நாள் இருக்கில்ல? நாளைக்கு ஒரு நடை போயிட்டு வந்துடுவோம். நீங்க பயணி, நான் கைடு."

மறுநாள் பத்தரை மணிக்குக் காஞ்சிபுரத்துல பெரிய கோயில். செருப்பை வாசல்ல விட்டாச்சு. மேடம் நேரா அவரை வெட்டவெளிப் பிராகாரத்துல ஒரு தூணுக்கு எதிர்ல நிக்க வச்சு, பேச ஆரம்பிச்சாங்க. எல்லாம் பிரெஞ்சுல! சாருக்கு பிரெஞ்சுல ஒரு எழுத்து தெரியாது. மேடம் தூணைக் காட்டறாங்க, மேல கையை நீட்டறாங்க, விரல் விட்டு எண்ணறாங்க. இருபது நிமிஷம் நிறுத்தவே இல்லை. சார் முதல்ல மரியாதையாத் தலையாட்டினார். அப்புறம் ஒரு காலைத் தூக்கினார், அப்புறம் இன்னொரு காலை. நான் கோபுர நிழல்ல நின்னுக்கிட்டு வாயைப் பொத்திக்கிட்டேன்.

ஒருவழியா மேடம் நிறுத்தினாங்க. "என்ன சார் பார்த்தீங்க?"

"எனக்கு பிரெஞ்சு தெரியாதே மேடம்."

"நான் என்ன சொன்னேன்னு கேக்கலை. நீங்க என்ன பார்த்தீங்க?"

சார் முகம் சிவந்து போச்சு. "கல்லு சுட்டுது. அப்புறம்... அதோ அந்த அம்மா குழந்தைக்குத் திருநீறு பூசினாங்க. கண்ணுல விழாம நெத்தியில கையை அணை குடுத்துட்டு ஊதினாங்க. அதைத்தான் பார்த்துட்டிருந்தேன். மன்னிச்சுக்கணும்."

"வாங்க, காப்பி சாப்பிடலாம்" என்று மேடம் நடந்துட்டாங்க. மன்னிக்கவும் இல்லை, விளக்கவும் இல்லை.

திரும்பி வர்ற வழியில சார் தாளைக் கேட்டு வாங்கி, பேனாவை எடுத்து ஒவ்வொண்ணா அடிச்சார். தறிக்கூடமும் போச்சு. கடைசியில மிஞ்சினது ரெண்டு. பெரிய கோயில் ஒண்ணு, ஊர்க்கோடியில யாரும் போகாத சின்னக் கோயில் ஒண்ணு.

"இந்தச் சின்னக் கோயிலை மட்டும் என்னால அடிக்க முடியாது மேடம். அதுல ஒரு கல்வெட்டு இருக்கு. ஆறு வருஷம் அதுலதான் கிடந்தேன். ஒருத்தி தொண்ணூறு ஆடு குடுத்து ஒரு விளக்கு எரிய வச்சிருக்கா. அவ பேரைப் படிச்சு எடுத்தது நான்."

"வச்சுக்குங்க" என்றாங்க மேடம்.

கப்பல் வந்தது. இருபத்தெட்டு பேர். அதுல ஊன்றுகோலோட ஒரு வெள்ளைக்காரப் பாட்டிம்மா, எண்பதுக்கு மேல இருக்கும். மேடம் கடைசி சீட்ல பயணி மாதிரி உக்காந்துக்கிட்டாங்க. நான் பஸ்ஸை நிறுத்திட்டு, தண்ணி பாட்டில் பெட்டியைத் தூக்கிக்கிட்டு பின்னாலயே போனேன்.

பெரிய கோயில்ல நல்லாத்தான் போச்சு. சார் நிழல்ல நிறுத்தி நாலு வார்த்தை சொன்னார், நடந்தார். பத்தே முக்காலுக்குக் கிளம்பணும். சின்னக் கோயில் அர்ச்சகர் பதினொண்ணரைக்கெல்லாம் பூட்டிட்டு, சாவியோட சைக்கிள்ல வீட்டுக்குப் போயிடுவார்.

சரியா அந்த நேரத்துல பாட்டிம்மா மண்டபத்துப் படியில உக்காந்துட்டாங்க. காலை நீட்டி, குளுகுளுன்னு இருந்த கல்லுல பாதத்தை வச்சு, "அப்பாடா" மாதிரி ஒரு சத்தம் விட்டாங்க. பக்கத்துல இன்னொருத்தர் உக்காந்தார். அப்புறம் நாலு பேர், அப்புறம் எல்லாரும். எதிர்ல ஒரு குடும்பம் புளியோதரை டப்பாவைத் திறந்துட்டிருந்தது. அந்த வீட்டம்மா சும்மா இருப்பாங்களா? இலையைக் கிழிச்சு வெள்ளைக்காரங்க கையிலயும் ஆளுக்கு ஒரு பிடி வச்சாங்க.

சார் வாட்சைப் பார்த்தார். "இப்பக் கிளம்பினாத்தான் உண்டு தேசிங்கு" என்றார் மெதுவா. கூட்டத்தைக் கிளப்ப, பஸ் நம்பர் போட்ட அட்டையைத் தூக்கினார். மேடத்தைத் திரும்பிப் பார்த்தார். மேடம் விரல்ல ஒட்டின சோத்தைச் சாப்பிட்டுட்டிருந்தாங்க.

ஆறு வருஷம்யா!

சார் அட்டையைக் கீழ வச்சார். போய்ப் படியில உக்காந்தார். அந்த வீட்டம்மா கேட்டதைப் பாட்டிம்மாவுக்குச் சொன்னார், பாட்டிம்மா சொன்னதை அவங்களுக்குச் சொன்னார். எத்தனை பிள்ளைங்க, காரமா இருக்கா, இவ்வளவுதான். மணி பன்னெண்டு ஆச்சு.

கிளம்பறப்ப, "அந்தப் பக்கமாப் போ தேசிங்கு" என்றார். சின்னக் கோயில் வாசல்ல மெதுவா ஓட்டினேன். கதவுல பூட்டு தொங்கினது. சார் மைக்கை எடுத்து, "இதைக் காட்டறதா இருந்தேன். நடை சாத்தியாச்சு. மன்னிக்கணும்" என்று இங்கிலீஷ்ல சொல்லிட்டு அணைச்சிட்டார்.

ரோட்டோர ஹோட்டல்ல சாப்பாடு முடிஞ்சதும் என் பக்கத்து சீட்ல வந்து சாஞ்சார். மேடம் முன்னால வந்து நின்னாங்க.

"இன்னிக்கு நான் ஒண்ணுமே காட்டலை மேடம். இந்த ஆள் லாயக்கில்லைன்னு கம்பெனிக்கு நீங்களே எழுதிடுங்க. பயணிங்க எழுதற தாளையெல்லாம் என்னால படிக்க முடியாது."

"தண்ணி குடிங்க சார்."

மூணேகாலுக்குத் துறைமுக ரோட்டைப் பிடிச்சோம். வழக்கம்போல கன்டெய்னர் லாரி வரிசை. எப்படியும் அரை மணி நேரம் நிக்கணும். இன்ஜினை அணைச்சேன்.

டக் டக்னு ஊன்றுகோல் சத்தம். பாட்டிம்மா ஒவ்வொரு சீட்டாப் பிடிச்சுக்கிட்டு முன்னால வந்தாங்க. சார் பதறி எழுந்தார், உடம்புக்கு என்னவோன்னு.

"அந்தப் பூட்டின கோயில்ல என்ன இருந்தது?" என்று கேட்டாங்க.

"எங்களுக்கும் தெரியணும்" என்று பின்னால ஒருத்தர் குரல் குடுத்தார். திரும்பிப் பார்க்கறேன், நடைபாதைக்கு ரெண்டு பக்கமும் தலையா நீட்டிக்கிட்டிருக்கு.

முப்பது வருஷம் பேசின மனுஷருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. மைக்கைக் கையில எடுத்து மேடம் பக்கம் திரும்பினார்.

"சொல்லட்டுமா மேடம்?"

"என்னை ஏன் சார் கேக்கறீங்க? கேட்டது அவங்க."