பத்தரை வோல்ட்

கரண்டு வராத மலைத்தோட்டம். எல்லா வீட்டுக்கும் ஒரே சோலார் பேட்டரி. அது பன்னிரண்டு வோல்ட்டுக்கு இறங்கினால் இன்வெர்ட்டர் நிற்கும்படி காவலாளி ஒச்சப்பன் வைத்திருந்தான்.

டிவி பாதியில் நின்றதில் மேனேஜர் துரைக்கண்ணுவுக்குக் கோபம். "பத்தரைக்கு இறக்குடா! சொட்டு மிச்சம் இருக்கக் கூடாது."

"போன பேட்டரி நீங்க சொல்லி அப்படி இறக்கித்தாங்க செத்துச்சு. என் பெஞ்சாதி மூச்சு மிஷின் ஓடாம தவிச்சுட்டா."

"இதுவும் செத்தா உன் வேலை போச்சு. இறக்கு!"

ஒச்சப்பன் நேரே தொழுவத்துக்குப் போனான். மேனேஜரின் பசுவில் மூன்று காம்பைக் கறந்துவிட்டு, நான்காவதிலும் கை வைத்தான்.

பின்னாலேயே வந்த மேனேஜர் பதறினார். "அடப்பாவி, அது கன்னுக்குடா! கன்னு செத்தா நாளைக்கு மாடு கறக்குமா?"

"சொட்டு மிச்சம் கூடாதுன்னீங்களே ஐயா. பேட்டரிக்கும் ஒரு காம்பு விட்டாத்தாங்க நாளைக்குக் கறக்கும்."

"சரி, பன்னிரண்டிலேயே கிடக்கட்டும்."

போன பேட்டரிக்கு ஒரு வார்த்தை வருத்தம் சொன்னாரா? இல்லை. ஒச்சப்பன் கன்றை அவிழ்த்துவிட்டான். அது முட்டி முட்டிக் குடித்தது.