நடக்கும் புற்று

அந்தக் காலத்தில், மனிதருக்கும் கறையானுக்கும் ஒரே பேச்சு இருந்தபோது, ஆற்றங்கரைக் குடிசை ஒன்றில் விளக்கை அணைத்த பிறகு ஒரு சத்தம் கேட்டது. நறநறவென்று, யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு கோபத்தை அடக்குவதுபோல.

குடிசைக்குள் இருந்தவள் மருதி. தலைப்பிள்ளைக்காரி. பயப்படுவதற்கு அவளுக்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. பிள்ளை தும்மினால் பயம், தும்மாவிட்டால் இன்னும் பயம். சத்தம் கேட்டதும் பிள்ளையை வாரி எடுக்கப் பார்த்தாள். பாதி தூக்கியதுமே கனம் தாங்காமல் திரும்பப் பாயிலேயே கிடத்திவிட்டாள். சோணை என்று பெயர் வைத்த அந்தப் பிள்ளை, ஆட்டுக்கல்லுக்குக் கைகால் முளைத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருப்பான். அவளோ முருங்கைக் குச்சி.

அந்தக் காலத்தில் பிறக்கும்போது வந்த பலம்தான் பலம். கனத்த கையோடு பிறந்தவர்களுக்குக் கடைசிவரை கனத்த கை. மெலிந்து பிறந்தவர்கள் மலையையே சுமந்தாலும் மெலிந்த கைதான். ஓடினால் கால் உறுதிப்படும், தூக்கினால் தோள் திரளும் என்பதெல்லாம் அப்போது ஏற்படவில்லை. உழைத்தால் களைப்பு வரும், தூங்கினால் களைப்பு போகும். வேறு லாபம் கிடையாது.

இதனால் ஊரில் யாருக்கும் நஷ்டம் இல்லை, மருதியைத் தவிர. முதல் மழைக்கு ஆறு கரையை மீறி ஊருக்குள் வந்துவிடும். எல்லோரும் பின்னாலிருந்த மொட்டைப்பாறையில் ஏறித்தான் தப்புவார்கள். பாறை வழி ஓர் ஆள் அகலம். ஒருவர் சுமையை இன்னொருவர் மாற்றி வாங்க நிற்கக்கூட இடம் இல்லை. ஆண்களெல்லாம் மாடுகளை ஓட்டிக்கொண்டு மேட்டுக்காட்டுக்குப் போயிருந்தார்கள். மழை விட்ட பிறகுதான் திரும்புவார்கள். பக்கத்துக் குடிசைப் பேச்சி, இடுப்புக்கு ஒரு பிள்ளையும் முதுகில் மாமியாருமாக ஏறக்கூடியவள். சோணையையும் தூக்க முடியுமா என்று மருதி கேட்டதற்கு, மாமியாரை இறக்கிவிட்டு அவனை வைத்துக்கொள்ள எனக்கும் ஆசைதான் என்றாள். மாமியாருக்குக் கேட்கும்படியாகவே சொன்னாள்.

சத்தம் நிற்கவில்லை. மருதி விளக்கை ஏற்றிக்கொண்டு கொல்லைப்புறம் போய்ப் பார்த்தாள். அங்கே ஒரு கறையான் புற்று. அன்று பகலில் சோணை தவழ்ந்து போய் அதன்மேல் சாய்ந்ததில் ஒரு பக்கம் பொலபொலவென்று சரிந்திருந்தது. அந்த இடத்தைத்தான் கறையான்கள் கட்டிக்கொண்டிருந்தன.

"விளக்கை எடு. வெளிச்சம் பட்டால் குழைத்த மண் காய்ந்துவிடும்" என்றது அவற்றுக்கு மேஸ்திரியாக இருந்த கறையான்.

மருதி விளக்கை மறைத்துக்கொண்டு சுவரைத் தடவிப் பார்த்தாள். உடைந்த இடம் பழைய சுவரைவிடக் கனமாக இருந்தது. ஏன் என்று கேட்டாள்.

"பழையபடியே கட்டினால் உன் பிள்ளை நாளைக்கும் உடைப்பான். கொஞ்சம் கனமாகக் கட்டினால் நாங்கள் நிம்மதியாகப் படுக்கலாம். வேலை செய்ய எங்களுக்குப் பிடிக்காது. அதனால்தான் நன்றாகச் செய்கிறோம்."

மருதி தன் கையைப் பார்த்தாள். புற்றைப் பார்த்தாள். என் உடம்புக்குள் வந்து இப்படிக் கட்டித் தருவீர்களா என்று கேட்டுவிட்டாள்.

இதில் விசித்திரம் எதுவும் இல்லை. அந்தக் காலத்தில் எல்லோருக்கும் வயிற்றின் நடுவில் ஒரு சின்னக் கதவு உண்டு. தாழ்ப்பாள் கிடையாது. புளியங்கொட்டையை விழுங்கிவிட்டால் திறந்து எடுத்துப் போட்டுவிட்டு மூடிக்கொள்வார்கள். சோணையின் கதவை மருதி ஒவ்வொரு வேளையும் திறந்து, குடித்த பால் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பாள்.

அவள் கேட்டது புற்றின் அடியில் படுத்திருந்த தாய்க்கறையானின் காதுக்குப் போயிற்று. உனக்கு எத்தனை பிள்ளைகள் என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ஒன்று என்றாள் மருதி. புற்று முழுக்கச் சிரித்தது.

"ஒன்றுக்கா இவ்வளவு கலக்கம்?"

"ஒன்றுதானே இருக்கிறது" என்றாள் மருதி.

சிரிப்பு நின்றது. தாய்க்கறையான், வெள்ளம் வந்தால் தன் வீடும் கரைந்துதான் போகிறது என்றும், நடக்கும் புற்று ஒன்று கிடைத்தால் தன் மக்களும் பாறை ஏறலாமே என்றும் சொல்லிற்று. பேச்சு முடிந்தது. மேஸ்திரி நிபந்தனைகளை அடுக்கியது: உடைந்த இடத்தைத்தான் கட்டுவோம், அதனால் கனம் தூக்கி உடம்பை உடைக்க வேண்டியது உன் பொறுப்பு. பச்சைப்பயறும் மீனும் வேளாவேளைக்கு உள்ளே வர வேண்டும். நாங்கள் வேலை செய்யும்போது நீ தூங்கிவிட வேண்டும். கதவைத் திறந்து எட்டிப் பார்க்கக் கூடாது.

சிறிசுகள் எல்லாம் வரிசையாக உள்ளே போய்விட்டன. தாய்க்கறையானின் வயிற்றை அந்த வாசலுக்குள் தள்ளுவதற்குள், இதற்குப் பிரசவமே தேவலை என்று ஆகிவிட்டது மருதிக்கு.

மறுநாள் அவள் ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு ஆற்றுவரை போனாள். திரும்பி வந்தாள். மறுபடியும் போனாள்.

"ஏடி மருதி, அந்தக் கல்லை எங்கே கொண்டுபோகிறாய்?" என்று பேச்சி கேட்டாள்.

"எங்கேயும் இல்லை அக்கா. திரும்பக் கொண்டுவரப் போகிறேன்."

காரியம் ஒன்றும் இல்லாமல் கனத்தைத் தூக்கிய முதல் மனுஷி அவள்தான். பிள்ளை பெற்றவளுக்கு இப்படி வருவது உண்டு, பத்தியம் சரியில்லை என்று ஊர் பேசிக்கொண்டது.

அன்று படுத்ததும் நறநறவென்ற சத்தம் அவள் தோளுக்குள்ளேயே கேட்டது. மருதியால் எப்படித் தூங்க முடியும்? விளக்கை எடுத்தாள், கதவைத் திறந்தாள், முடிந்ததா என்று கேட்டாள். இப்போதுதான் குழைத்து வைத்தோம் என்றது மேஸ்திரி. கொஞ்சம் கழித்து மறுபடி திறந்தாள். வெளிச்சம் பட்ட இடமெல்லாம் பூச்சு காய்ந்து வெடித்தது. தினமும் இதே கூத்து. அவள் உடைப்பாள், அவை கட்டும், அவள் பார்ப்பாள், அது உதிரும்.

பேச்சி வேறு விஷயம் தெரிந்து ஒரு நாள் தன் பங்கைச் செய்தாள். அடி பைத்தியமே, கறையான் வாசற்படியில் ஏறினாலே சுண்ணாம்பைக் கொட்டுகிறோம், நீ வயிற்றுக்குள் குடி வைத்திருக்கிறாய், அது கட்டுகிறதோ தின்கிறதோ யார் கண்டது என்றாள். மருதி உடனே வெளியே ஓடினாள். உச்சிவெயிலில் நின்று கதவை அகலத் திறந்துவிட்டாள். உள்ளே ஒரே அலறல். கட்டியிருந்த கொஞ்சநஞ்சமும் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அன்று மாலை அவளால் தண்ணீர்க் குடத்தைக்கூடத் தூக்க முடியவில்லை. மேற்கே மேகம் கூடி நின்றது.

உள்ளே மூட்டை கட்டும் சத்தம் கேட்டது. நாங்கள் போகிறோம் என்றது மேஸ்திரி. மருதி அழுதாள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் எப்படி நான் தூங்குவது என்று கேட்டாள்.

தாய்க்கறையான் பதில் சொல்லிற்று. "இறக்கை முளைத்துப் போன என் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் தூங்குகிறேன். பழகிக்கொள்."

மேஸ்திரிக்கு அந்த அளவு பொறுமை இல்லை. உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள விட்டால் வேலை செய்கிறோம் என்றது. அவளுடைய தவிப்பைப் பார்த்துவிட்டு ஒரு சலுகையும் தந்தது: வேலை நடக்கும்போது வலி அனுப்புகிறோம். வலித்தால் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்துகொள். உடனே வராது. ஆள் சேர்த்து, மண் குழைத்து ஆரம்பிக்க வேண்டாமா? நீ உடைத்த மறுநாள்தான் வரும்.

"இன்னொன்று. நீ உடைக்காமல் உட்கார்ந்துவிட்டால் எங்களுக்கு வேலை இருக்காது. சும்மா இருக்கும் கறையான் கட்டியதையே தின்னும். அப்போது கோபித்துக்கொள்ளாதே. பிறவிக் குணம்."

மருதி கதவிலிருந்து கையை எடுத்தாள். உள்ளே தாழ் விழுந்தது.

மறுநாள் கல்லைத் தூக்கினாள். வலி இல்லை. அதற்கடுத்த காலையில் பாயிலிருந்து எழ முடியவில்லை. குனிந்தால் தொடை கத்தியது, தலை சீவக் கை உயரவில்லை. ஐயோ அம்மா என்று முனகிக்கொண்டே வாயெல்லாம் சிரிப்பாக நின்றவளைப் பார்த்துப் பேச்சி வேப்பிலையைத் தேடிப் போனாள். மருதி பயற்றைத் தின்றாள், மீனைத் தின்றாள், பொழுது சாய்ந்ததும் கட்டைபோலத் தூங்கினாள். கல் சிறிதாகிவிட்டதுபோல இருந்ததால் பெரிய கல்லாகப் பார்த்து எடுத்தாள். மேகம் அதுவரை பொறுத்திருந்தது.

பிறகு கொட்டியது. ஆறு ஊருக்குள் வந்தது. மருதி சோணையை முதுகில் கட்டிக்கொண்டு பாறையில் கால் வைத்தாள். முன்னால் பேச்சி. அவள் முதுகில் பின்பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்த மாமியார், வாயால் மூச்சு விடாதே, காலைப் பார்த்து வை, பிள்ளை உன் மயிரைத் தின்கிறான் என்று வழி முழுக்க மருதிக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். பாதிவழியில் மருதியின் கால் வழுக்கியது. கீழே அவள் குடிசையின் கூரை மிதந்து போவது தெரிந்தது. நிற்கவும் இடம் இல்லை, இறங்கவும் வழி இல்லை. தொடையை ஊன்றினாள். அது தாங்கிற்று. இன்னொரு அடி வைத்தாள். அதுவும் தாங்கிற்று. உச்சியில் போய்ச் சோணையை இறக்கி வைத்தபோது, பேச்சி அவள் தோளை அமுக்கிப் பார்த்துவிட்டு, எனக்கும் கொஞ்சம் கறையான் கொடேன் என்றாள்.

மாலையில் மழை விட்டது. மருதியின் கதவு உள்ளிருந்து திறந்தது. தாய்க்கறையானின் பெண்கள் இறக்கை கட்டிக்கொண்டு ஈசலாகக் கிளம்பின. பாறையெல்லாம் இறக்கையை உதிர்த்துவிட்டு, கூச்சத்தில் நெளிந்த ஊர்ச்சனங்களின் வயிற்றுக் கதவுக்குள் ஒவ்வொன்றாய்ப் புகுந்தன. கடைசி ஈசல் சோணையின் வயிற்றில் வந்து உட்கார்ந்தது.

மருதி அவன் கதவைக் கையால் மூடிக்கொண்டாள். இனி அவன் குடித்த பாலைப் பார்க்க முடியாது. எதையுமே பார்க்க முடியாது.

"இவனுக்கு வலிக்குமா?" என்றாள்.

"வலிக்கும். மறுநாள்" என்றது ஈசல்.

மருதி இன்னொரு கையால் தன் தோளைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கையை எடுத்தாள். சோணை கிச்சுக்கிச்சு மூட்டியதுபோலச் சிரித்தான்.

இன்று ஜிம்மில் எடை தூக்கிய ஒருவருக்கு அன்றைக்கு விட்டுவிட்டு மறுநாள் படியிறங்க முடியாமல் போவதும், சதை நாம் தூங்கும்போது இருட்டில் வளர்வதும், சோம்பிக் கிடந்தால் சொல்லாமல் கொள்ளாமல் கரைவதும் அந்த மாலையிலிருந்துதான். வயிற்றின் நடுவே கதவு இருந்த இடத்தில் நம் எல்லோருக்கும் ஒரு சுருக்கம் மட்டும் மிஞ்சியிருப்பதும், சோணையின் வயிற்றில் காதை வைத்து மருதி கேட்டுக்கொண்டிருக்கும்போதே உள்ளிருந்து விழுந்த அந்தத் தாழ்ப்பாளால்தான்.