செட் அசைட் ஆன மாப்பிள்ளை

கூத்தங்குறிச்சி என்று ஒரு சமஸ்தானம் இருந்தது. தேசப்படத்தில் தேடவேண்டாம், வரைந்தவர் அந்த இடத்தில் இடது கையை ஊன்றிக்கொண்டு வரைந்திருக்கிறார். அதன் ராஜா வீரகேசரி பூபதிக்கு இங்கிலீஷ் கற்பிக்க ஒரு துரை வந்து மூன்று மாதம் தங்கினார். தினம் இரண்டு கோழி சாப்பிட்டார். போகும்போது ஒரே ஒரு பிரயோகத்தை ராஜாவிடம் விட்டுவிட்டுப் போனார். அதுதான் 'செட் அசைட்'.

இங்கிலீஷில் இது ஒரு தினுசான வினை. 'செட்' என்றால் வைப்பது. 'அசைட்' என்றால் ஒரு பக்கமாக. இரண்டையும் சேர்த்தால், ஒரு காரியத்துக்கென்று ஒன்றைத் தனியே எடுத்து ஒதுக்கி வைப்பது. எந்தக் காரியத்துக்கு என்பதையும் கூடவே சொல்வது வழக்கம். அந்தப் பாடத்தன்று ராஜாவுக்கு ஜலதோஷம். ஆகையால் ஒதுக்கக் கற்றாரே தவிர, எதற்கு என்று யோசிக்கக் கற்கவில்லை.

பிடித்த பொருள் எதைக் கண்டாலும் "செட் அசைட்" என்பார். உடனே உக்கிராணக்காரர் மாசிலாமணி ஓடிவந்து அதற்கு ஒரு சிவப்புக் கயிறு கட்டுவார். அரண்மனைத் தின்பண்டமெல்லாம் இருக்கும் உக்கிராண அறையில் வைத்துப் பூட்டுவார். கோதுமை அல்வா, பலாச்சுளை, முறுக்கு என்று அறை நிறைந்தது. ஒரு மாலை ராஜா ஒரு மேகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டார். மாசிலாமணி கயிறும் ஏணியுமாக இருட்டும்வரை நின்றார்.

ஒதுக்கியதை ராஜா சாப்பிடுவதும் இல்லை. சாப்பிட்டால் தீர்ந்துவிடுமே. தினமும் சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

இதற்கு ஒரு சட்டமும் இருந்தது. அரண்மனைக் கடிதங்களை எழுதும் ராயசம் ஏகாம்பரம், ராஜா சொல்லச் சொல்ல எழுதியது: "ராஜாவின் கை நீங்கலாக, சிவப்புக் கயிறு கட்டாத எவரும் சிவப்புக் கயிறு கட்டிய எதையும் தொடக்கூடாது. தொட்டால் நூறு கசையடி."

ஏகாம்பரத்தின் மகள் வடிவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. முகூர்த்தத்துக்கு முதல் நாள், அரண்மனை வழக்கப்படி மாப்பிள்ளை வந்து ராஜாவிடம் வெற்றிலை வாங்கிக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளை தாண்டவமூர்த்தி வந்தான். நல்ல பிள்ளை, கதவில் பக்கவாட்டாகத்தான் நுழைய முடியும். வெற்றிலை கொடுத்த ராஜா ஏதோ வேடிக்கை சொன்னார். அவன் சிரித்தான். தூணில் இருந்த புறாக்கள் பறந்துபோயின.

ராஜா சொக்கிப்போனார். "என்ன சிரிப்பய்யா இது. செட் அசைட்."

மாசிலாமணி கயிறு கொண்டுவந்தார். இடுப்பைச் சுற்றிவர மூன்று கயிறுகளை முடிச்சுப் போட வேண்டியிருந்தது.

"மகாராஜா, நாளைக் காலையில் முகூர்த்தம்" என்றார் ஏகாம்பரம்.

"ஒதுக்கினதைத் திருப்பிக் கொடுத்தா என் பேச்சுக்கு என்ன மதிப்பு? உம்ம பெண்ணுக்கு வேறு மாப்பிள்ளை பாரும்."

"ஒரு ராத்திரிக்குள்ளா மகாராஜா?"

"சின்னதா ஒருத்தன் கிடைக்காமலா போவான்" என்றார் மாசிலாமணி.

நடுப்பகலில் ஏகாம்பரம், மாப்பிள்ளையைப் பூட்டி வைத்திருந்த உக்கிராண அறையின் ஜன்னலடியில் போய் நின்றார்.

"மாப்பிள்ளை, பசிக்குதா?"

"காலையிலிருந்தே பசிதான் மாமா. இங்கே எல்லாம் இருக்கு. ஆனா தொட்டா நூறு அடியாமே?"

"அது கயிறு கட்டாதவங்களுக்கு. உங்க இடுப்பிலே என்ன?"

"சிவப்புக் கயிறு."

"அல்வாச் சட்டியிலே?"

"அதுவும் சிவப்புக் கயிறு."

"அப்போ நீங்களும் அல்வாவும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு. வெட்கப்படாம சாப்பிடுங்க."

உள்ளே சட்டி உருளும் சத்தம் கேட்டது.

சாயங்காலம் ராஜா பரிவாரத்தோடு வந்து கதவைத் திறந்தார். அறையில் அல்வா இல்லை. பலா இல்லை. தாண்டவமூர்த்தி மட்டும் இருந்தான், காலையில் இருந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாக.

"இவனுக்கு நூறு கசையடி" என்றார் ராஜா.

காவலன் சாட்டையை எடுத்துக்கொண்டு முன்னே வந்தான்.

"தம்பி, உன் இடுப்பிலே கயிறு இருக்கா?" என்றார் ஏகாம்பரம். "இல்லேன்னா, இவரைத் தொட்டதுக்கு உனக்கு நூறு விழும்."

காவலன் பின்னே போனான். ராஜா மாசிலாமணியைப் பார்த்தார். மாசிலாமணி கூரையைப் பார்த்தார்.

"சட்டப்படி மகாராஜா கையாலே அடிக்கலாம்" என்றார் ஏகாம்பரம்.

ராஜா சாட்டையை வாங்கினார். தாண்டவமூர்த்தியின் முதுகை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். சாட்டையைக் கீழே வைத்தார்.

"கயிற்றை அவிழ்க்கிறேன். அப்புறம் காவலன் அடிக்கட்டும்."

அவர் கையாலேயே மூன்று முடிச்சையும் அவிழ்த்தார்.

"இப்போ இவர் சாதாரணப் பிரஜை" என்றார் ஏகாம்பரம். "பிரஜை என்ன குற்றம் செய்தார்?"

"என் அல்வாவைத் தின்றான்."

"தின்றபோது அவர் பிரஜை இல்லையே, மகாராஜாவின் உடைமை. மகாராஜாவின் யானை மகாராஜாவின் கரும்பைத் தின்றால் யாரை அடிப்பது?"

"யானையை எப்படி அடிக்கிறது? அதை அங்கே கொண்டுபோய்க் கட்டினவனை அடிக்கணும்."

ஏகாம்பரம் கையைக் கட்டிக்கொண்டு தலை குனிந்து நின்றார். காவலன் குனிந்து சாட்டையை எடுத்தவன், யாரிடம் போவதென்று தெரியாமல் மறுபடி வைத்துவிட்டான். மாசிலாமணியைக் காணவில்லை.

ராஜாவுக்கு விஷயம் மெதுவாக ஏறிற்று. முதலில் மீசை துடித்தது. பிறகு சிரிப்பு வந்தது. ராஜா சிரிப்பதைப் பார்த்துத் தாண்டவமூர்த்தியும் சிரிக்க, மிச்சமிருந்த பானைகள் அலமாரியில் அதிர்ந்தன.

"கூட்டிக்கொண்டு போம் உம்ம மாப்பிள்ளையை. பெண்ணுக்கு அரண்மனையிலிருந்து பட்டுப் புடவை வரும்" என்றார் ராஜா. கண்ணைத் துடைத்துக்கொண்டு மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். "ஏனப்பா, எனக்கென்று ஒன்றுகூடவா மிச்சம் வைக்கவில்லை?"

தாண்டவமூர்த்தி பணிவாகச் சொன்னான்.

"முறுக்கு வெச்சிருக்கேன் மகாராஜா. நமுத்துப் போச்சு."