சுவர் நிறைய மயில்

“டீச்சர், இந்தப் புள்ளைகளால என் மானம்தான் போகப்போவுது” என்றார் சிற்றம்பலம்.

உயர்நிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். மழலைகளுக்குக் கற்றுக்கொடுக்க ஆசைப்பட்டு, தன்னைவிட மிகவும் இளையவரான எஸ்தர் டீச்சரிடம் வேலை பழக வந்திருந்தார்.

எஸ்தர் மைதாக் கூழ் கிண்டிக்கொண்டிருந்தார். அதில் மஞ்சள்தூளோ, பீட்ரூட் சாறோ, கீரைச் சாறோ கலந்தால் வண்ணம். பிள்ளைகள் விரலால் தொட்டுத் தாளில் பூசுவார்கள். கொஞ்சம் வாய்க்கும் போகும்.

“என்ன ஆச்சு, சார்?”

“மயில் போடச் சொன்னேன். உள்ளங்கையை அழுத்தினா தோகை. கட்டைவிரலை வச்சா தலை. ஒருத்தனும் கேக்கல. எல்லாம் சேறு மாதிரி கெடக்கு. நாளைக்குக் கண்காட்சி. சிற்றம்பலம் சார் சொல்லிக்குடுத்த லட்சணம் இதுதானான்னு ஊரே சிரிக்கும்.”

“என்ன செய்யலாம்?”

“லேசா தொட்டுக் குடுத்திரட்டா? கண்ணு, அலகு. அவ்வளவுதான்.”

“உங்க இஷ்டம், சார்.”

அன்று மாலை அவர் தூரிகையை எடுத்தார். கண் வைத்தார். கண் வைத்ததும் கழுத்து கோணலாகத் தெரிந்தது. கழுத்தைத் திருத்தினார். இப்போது தோகை பொருந்தவில்லை.

விளக்குப் போடும் நேரத்தில் எல்லாத் தாளிலும் மயில் நின்றது.

மறுநாள் பெற்றோர்கள் சுவரைப் பார்த்து வாய் பிளந்தார்கள்.

“சார் கை பட்டா சும்மாவா!” என்றார் ஒருவர்.

சிற்றம்பலம் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார்.

எஸ்தர் பிள்ளைகளைக் கூப்பிட்டார். “அவங்கவங்க படத்தை அப்பா அம்மாவுக்குக் காட்டுங்க.”

பிள்ளைகள் சுவரோரமாக நடந்தார்கள். திரும்பி நடந்தார்கள். ஒருவரும் எதையும் காட்டவில்லை.

நான்கு வயது இசக்கிப்பிரியாவுக்கு அவள் அப்பாதான் காட்டினார். லாரி டிரைவர்.

“இந்தா இருக்குல்லா, தாயி. உன் பேரு போட்டிருக்கு.”

“அது நான் போட்டதில்ல.”

“பின்ன யாரு?”

அவள் சிற்றம்பலத்தைக் காட்டினாள். உதடு பிதுங்கியது. அழுதுவிட்டாள்.

சிற்றம்பலம் எஸ்தரைப் பார்த்தார். எஸ்தர் மஞ்சள் கூழ்த் தட்டை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

அவர் தட்டைத் தரையில் வைத்தார். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரித்தார்.

“போடு, தாயி.”

“மயிலா?”

“என்னமும் போடு.”

இசக்கிப்பிரியா இரண்டு கைகளையும் மஞ்சளில் முக்கினாள். தாளைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவர் குனிந்ததும் ஓடிப்போய் அவர் நெஞ்சில் சப்பென்று வைத்தாள்.

விழாவுக்கென்று தேய்த்துப் போட்டுவந்த வெள்ளைச் சட்டையில் இரண்டு சின்னக் கைகள்.

சிற்றம்பலம் ஈரத்துணியோடு பதறி ஓடினார். “மஞ்சளுங்க. காஞ்சா போகவே போகாது. இப்பவே தொடச்சிருதேன்.”

டிரைவர் அவர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

“போகாதுல்லா? அப்ப தொடாதீங்க, சார். எம் மவ போட்டது.”